தொடாத டாக்டர்

1

போன வாரம் என் மகள் ஜெனியின் கிளினிக்குக்குக் கள்ளக்குறிச்சியிலிருந்து ஒரு போன் வந்தது. எடுத்தது வரவேற்பில் இருக்கும் டோனா. டொராண்டோவுக்குக் கிழக்கே இருக்கும் இந்தச் சிறிய ஊரிலேயே பிறந்து வளர்ந்தவள். தமிழ் என்றால் அவளைப் பொறுத்தவரை ஜெனி மதியம் கொண்டுவரும் சாம்பார் சாதம். போனில் பேசியவர் கேட்டது ஒரே கேள்வி: "தொடாத டாக்டர் இருக்காங்களா?" அப்படி யாரும் இங்கே இல்லை, பெயரை எழுத்துக் கூட்டிச் சொல்ல முடியுமா என்று டோனா பணிவாக ஆங்கிலத்தில் கேட்டிருக்கிறாள். அவர் சத்தத்தைக் கூட்டி, நடுவில் இந்தியா, பேக் பெயின் என்று சேர்த்து அதையே திரும்பச் சொல்லியிருக்கிறார். கடைசியில் டோனா துண்டுச் சீட்டில் எழுதிவைத்தாள்: மிஸ்டர் தொடாடா, இந்தியா, முதுகுவலி, ரொம்பக் கோபமாக இருக்கிறார்.

நான் அப்போது கிளினிக்கில்தான் இருந்தேன். ரிடையர் ஆன பிறகு காலையில் அங்கே போய், பனியில் யாரும் வழுக்காமல் இருக்க வாசலில் உப்புப் போடுவது என் வேலை. பனி தள்ளுவதற்கு எனக்கு அனுமதி கிடையாது. முதுகு சரியில்லாதவன் மண்வாரியைத் தொடக் கூடாது என்பது டாக்டர் உத்தரவு, டாக்டர் என் மகள். உப்பும் போடாதே, வழுக்கி விழுகிறவன் எப்படியும் உள்ளேதானே வரப்போகிறான் என்பது என் மனைவி லில்லியின் யோசனை.

ஜெனி சீட்டைக் கொண்டுவந்து நீட்டினாள். "அப்பா, தொடாடா எண்டா என்ன?"

"தொடாடா இல்ல, தொடாத. கை வைக்காத டாக்டர்னு அர்த்தம். அது நீதான்மா" என்றேன்.

முதுகைத் தொட்டுப் பிழைக்கிற ஒருத்திக்கு எங்கள் ஊரில் வாய்த்த பெயர் அது. இப்போது அதற்குப் பல கதைகள் உலவுகின்றன. தூரத்திலிருந்து பார்த்தாலே எலும்பு தெரியும் என்கிறார்கள். தொட்டால் சக்தி போய்விடும் என்கிறார்கள். நான் கூடவே இருந்தவன் என்பதால் நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

2

ஆரம்பம் என்னுடைய முதுகுதான். மணலூர்பேட்டையிலிருந்து ஜெனியைக் கைக்குழந்தையாகத் தூக்கிக்கொண்டு இங்கே வந்தபின் பல வருடம் ஒரு ரொட்டி பேக்டரியில் வேலை பார்த்தேன். ரொட்டித் தட்டுகளை அடுக்கி லாரியில் ஏற்ற வேண்டும். ஒருநாள் ஈரத் தரையில் கால் வழுக்கி, தட்டுகளோடு மல்லாக்க விழுந்தேன். ஓடிவந்த சூப்பர்வைசர் முதலில் ரொட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை என்று உறுதி செய்துகொண்டார்.

வேலையில் அடிபட்டவர்களைக் கவனிக்கிற அரசாங்க அலுவலகம் ஒன்று இருக்கிறது. அங்கிருந்து ஒரு பெண் போன் செய்து, எந்த இடத்தில் வலி என்று கேட்டார். நம் ஊரில் எல்லோரும் சொல்வதுபோல "பேக் சைடு" என்றேன். நான் முதுகைச் சொன்னேன். இந்த நாட்டில் அதற்கு உட்காருகிற பக்கம் என்று பொருளாம். கோப்பில் அப்படியே ஏறிவிட்டது. அவர்கள் அனுப்பிவைத்த டாக்டர், கோப்பில் இருந்த இடத்தை நன்றாகப் பரிசோதித்துவிட்டு, நடுவில் ஓட்டை போட்ட வட்டமான தலையணை ஒன்றை எழுதிக் கொடுத்தார். அதன்மேல் உட்கார்ந்து பார்த்தேன். வலி அப்படியேதான் இருந்தது, முன்பைவிடக் கொஞ்சம் உயரமாக உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான்.

வலி முதுகில் என்று திருத்தப் போனபோது, வலி எப்போது மேலே ஏறியது என்று கேட்டார்கள். ஏறவில்லை, முதலிலிருந்தே அங்கேதான் இருக்கிறது என்றேன். அப்படியானால் கீழே இருந்த வலி என்ன ஆயிற்று என்றார்கள். அன்றைக்குப் பள்ளி உடுப்போடு பக்கத்தில் நின்றிருந்த ஜெனி என் கையிலிருந்து போனை வாங்கிப் பேசினாள். அதன் பிறகு என் முதுகு சம்பந்தமான எல்லா இடத்துக்கும் அவளே மொழிபெயர்ப்பாளர்.

அப்படித்தான் முதுகெலும்பைக் கையாலேயே அழுத்தித் திருப்பிச் சரிசெய்கிற கைரோபிராக்டரிடம் போனோம். பெரிய கைகள் கொண்ட வயதான மனிதர். என் கழுத்தைப் பிடித்து ஒரு திருப்புத் திருப்பினார். கோழிக் கடையில் கேட்கிற மாதிரி ஒரு சத்தம். "இயேசுவே" என்றேன். ஜெனி அதையும் மொழிபெயர்த்தாள்.

அவர் நாணயமானவர். இது முழுக்கப் போகாது, தினமும் நடக்க வேண்டும், நெடுநேரம் உட்காரக் கூடாது, இதனோடு சண்டை போடாமல் வாழப் பழகிக்கொள்ள வேண்டும் என்றார். ஜெனி அதைச் சுருக்கிச் சொன்னாள்: "அப்பா, உங்களுக்கு முதுகோட கலியாணம் முடிஞ்சுதாம்."

அவளுடைய தமிழைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவர் யாழ்ப்பாணத்து டீச்சர். கூடப் படித்த பிள்ளைகளும் அங்கத்தியர்களின் பிள்ளைகள். வீட்டில் நாங்கள் பேசுகிற தமிழை அவள் பிழையான தமிழ் என்று நினைத்தாள். பதினைந்து வயதில் ஒருநாள் லில்லியிடம், "வூடு இல்லை அம்மா, வீடு" என்று திருத்தினாள். அன்று முழுக்க லில்லி அவளிடம் ஆங்கிலத்திலேயே பேசினாள்.

3

ஜெனி கைரோபிராக்டிக் படிக்கப் போகிறாள் என்று கள்ளக்குறிச்சியில் இருக்கும் என் அக்கா ஆரோக்கியமேரிக்குப் போன் செய்து சொன்னேன்.

"டாக்டருக்கா?" என்றாள் அக்கா.

"டாக்டருன்னுதான் சொல்வாங்க. ஆனா அந்த டாக்டர் இல்ல."

"ஊசி போடுவாளா?"

"போடமாட்டா."

"மாத்திர?"

"எழுதமாட்டா."

"ஆப்ரேசனு?"

"அதுவும் இல்லக்கா."

"அப்ப இன்னாதான்டா பண்ணுவா?"

"முதுகுல சொடக்கு எடுப்பா."

அக்கா கேட்டாள்: "அதுக்கா கனடா போன?"

ஆனால் ஊருக்கு அவள் சொன்னது வேறு. சென்ற வருடத் தொடக்கத்தில் அக்கா புது வீடு கட்டி, பாதர் வந்து ஜெபிக்கும் வீடு மந்திரிப்புக்கு எங்களைக் கூப்பிட்டாள். கச்சிராயபாளையம் ரோட்டில் வீடு. நாங்கள் காரிலிருந்து இறங்கும்போதே ஷாமியானா பந்தலின் ஒரு ஓரத்தில் நாற்காலிகளை வரிசையாகப் போட்டு ஆட்களை உட்கார வைத்திருந்தாள். எல்லோரும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார்கள். வெளிநாட்டு முதுகு டாக்டர் வருகிறாள் என்று தெருவெல்லாம் சொல்லியிருக்கிறாள்.

"அத்தை, எனக்கு இங்க லைசன்ஸ் இல்லை" என்றாள் ஜெனி.

"நீ இன்னா வண்டியா ஓட்டப் போற?" என்றாள் அக்கா.

கை வைக்க முடியாது, ஆலோசனை மட்டும் சொல்கிறேன் என்று ஜெனி உட்கார்ந்தாள். முதலில் வந்தது கழனி வேலை செய்யும் ஓர் அம்மா. நாள் முழுக்கக் குனிந்து குனிந்து இடுப்பு போய்விட்டது என்றார். ஜெனி மிகுந்த அக்கறையோடு, நடக்கச் சொல்லி, "ஒவ்வொரு நாளும் நடவுங்கோ" என்றாள்.

அந்த அம்மா என்னைப் பார்த்தார். "நடவு நட்டுத்தான் சார் இடுப்பே போச்சு. மறுபடியும் நடவே நடச் சொல்லுதே பாப்பா?"

அடுத்து வந்தது உளுந்தூர்பேட்டை பஸ்ஸில் கண்டக்டர். நோகுதோ என்று ஜெனி கேட்டதும், "சிலோன்ல படிச்சவங்களா?" என்று மரியாதையாகக் கேட்டார். அவருக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

இதையெல்லாம் பந்தல் காலில் சாய்ந்து கவனித்துக்கொண்டிருந்தவர் ஏழுமலை. ரேஷன் கடை சேல்ஸ்மேன். அவர் தாய் வயிற்றிலிருந்து கால் முதலில் வந்து பிறந்தவர். அப்படிப் பிறந்தவர்கள் காலால் உதைத்தால் முதுகுப் பிடிப்பு விட்டுப்போகும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் வீட்டு முன்னால் ஆள் நிற்கும். பேன்ட்டை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு உதைத்துவிட்டு, காசு வாங்காமல் அனுப்பிவைப்பார். அவர் லில்லியிடம் வந்து நயமாகக் கேட்டார்: "பாப்பா காலால பொறந்துதுங்களா, தலையாலயா?"

"சிசேரியன்" என்றாள் லில்லி.

ஏழுமலை யோசித்துப் பார்த்தார். "அப்ப ரெண்டும் இல்ல" என்று கவலையோடு தலையாட்டினார்.

4

அக்கா வீட்டுக்காரர் தேவராஜை நானும் மாமா என்பேன், ஜெனியும் மாமா என்பாள். மினி லாரி வைத்திருக்கிறார். கல்வராயன் மலையில் வெள்ளிமலை, கரியாலூர் பக்கம் மரவள்ளிக் கிழங்கு ஏற்றி, கீழே ஜவ்வரிசி செய்யும் சேகோ பேக்டரிகளுக்குக் கொண்டுபோய் இறக்குவார். மலை ரோட்டு வளைவுகளில் காலமெல்லாம் குலுங்கிக் குலுங்கி இடுப்புவலி அவருக்குக் கூடப்பிறந்தது மாதிரி ஆகிவிட்டது. மந்திரிப்புக்குச் சில வாரம் முன்பு மூட்டை தூக்கும்போது ஏதோ பிடித்துக்கொண்டு வலி காலுக்கு இறங்கியிருக்கிறது. ஏழுமலை உதைத்தும் பார்த்துவிட்டார்.

அன்று காலை மாமா என்னிடம் வலியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. லாரிக்குப் போட்ட புது சீட்டைப் பற்றித்தான் சொன்னார். "இன்னா சொகுசு தெரியுமா மச்சான். உக்காந்தா உக்காந்த மாதிரியே இல்ல."

பாதர் வந்து வீட்டை மந்திரித்து, தீர்த்தம் தெளித்து முடித்தார். பந்தி ஆரம்பிப்பதற்குள் தன் வீட்டுக்காரர் முதுகில் ஜெனி சொடக்கு எடுத்தாக வேண்டும் என்று அக்கா பிடிவாதம் பிடித்தாள். சொந்த மாமாவுக்கே பார்க்காவிட்டால் ஊர் எப்படி நம்பும் என்றாள். சோதித்துப் பார்க்கிறேன், அதற்குமேல் ஒன்றும் செய்யமாட்டேன் என்று ஜெனி ஒப்புக்கொண்டாள். ஹாலில் ஒரு வாடகை பெஞ்சைப் போட்டு, லேஸ் வைத்த வெள்ளை மேசை விரிப்பை அதன்மேல் விரித்து மாமாவைப் படுக்கவைத்தார்கள். சுற்றிலும் சொந்தக்காரர்கள். பாதரும் ஆவலாக நின்றார்.

ஜெனி மாமாவின் காலைத் தூக்கிப் பார்த்தாள். ஆக்சிலேட்டர் மாதிரி என் கையை மிதியுங்கோ என்றாள். வலது கால் மிதித்தது. இடது கால் சும்மா இருந்தது. "மிதிச்சிக்கினுதான் இருக்கறேன்" என்றார் மாமா. அக்காவின் முந்தானையிலிருந்து ஒரு ஊக்கை ஜெனி வாங்கி இரண்டு கால்களிலும் மெல்லக் குத்திப் பார்த்தாள். அவள் முகம் மாறியதை நான் பார்த்தேன். குனிந்து, எல்லோருக்கும் கேட்கும் தெளிவான குரலில் கேட்டாள்:

"மாமா, கால் இடுக்குப் பக்கம், இருக்கிற இடம் எல்லாம் விறைச்சுப் போயிருக்கோ?"

யாழ்ப்பாணத் தமிழில் இருப்பது என்றால் உட்காருவது, விறைத்துப்போவது என்றால் உணர்ச்சி மரத்துப்போவது. அங்கே பல் டாக்டர் போடுவதுகூட விறைப்பு ஊசிதான். எங்கள் பக்கத்தில் அந்தச் சொல்லுக்கு, அதுவும் அந்த இடத்தோடு சேர்த்துச் சொன்னால், என்ன அர்த்தம் என்று நான் விளக்கவேண்டியதில்லை.

பாதர் மின்விசிறியைப் பார்த்தார். கண்டக்டர் வெளியே போனார். மாமா வேட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து, பெஞ்சிலிருந்து இறங்கி, சுவரைப் பிடித்துப் பிடித்து வாசலுக்குப் போய், தன் லாரியில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

"நான் என்ன பிழையாக் கேட்டனான்?" என்றாள் ஜெனி.

தனியே கூட்டிப்போய் ஆங்கிலத்தில் சொன்னேன். அவள் காதுவரை சிவந்தது. ஆனால் அதில் நிற்கவில்லை. "சரி, அப்ப நீங்க போய்க் கேளுங்கோ. உக்காருற இடத்தில உணர்ச்சி இருக்கோ, மூத்திரம் போகுதோ. இப்பவே கேளுங்கோ."

"பந்தி முடியட்டும்மா. கோவம் ஆறட்டும்."

"இது முதுகுவலி இல்லை, அப்பா. முதுகுக்குக் கீழ இருக்கிற நரம்புக் கொத்தை ஏதோ நசுக்குது. நேரம் போனா அவர் சாகும்வரைக்கும் தானா ஒண்டுக்குப் போகமாட்டார், நடக்கவும் மாட்டார். நான் தொடமாட்டன். ஒருத்தரும் தொடக் கூடாது."

5

லாரியின் மறுபக்கக் கதவைத் திறந்து ஏறி, மாமா பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி எதிரே இருந்த மதில் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்காவைப் பெண் கேட்டு வந்த நாளிலிருந்து எனக்கு அவரைத் தெரியும். அரசியல், மழை, மாட்டுத்தீவனம் என்று எல்லாம் பேசியிருக்கிறோம். இடுப்புக்குக் கீழே இருக்கும் எதைப் பற்றியும் பேசியதில்லை.

"மாமா, ஜெனி கேட்டது வேற. மரத்துப் போயிருக்குதான்னு கேட்டா. அவளுக்கு நம்ம பேச்சு வராது."

"பொம்பளப் புள்ளய நல்லா வளத்துகினு வந்துகிற" என்றார்.

"மரத்துப் போயிருக்குதா?"

அவர் ஸ்டீயரிங் உறையை நகத்தால் சுரண்டினார்.

"ஒண்ணுக்கு எப்பப் போனீங்க?"

"அத்த ஏன்டா நீ கேக்கற?"

"நான் கேக்கலன்னா அவ வந்து கேப்பா மாமா. எல்லாரும் இருக்கறப்ப கேப்பா."

இது அவருக்கு உறைத்தது. குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நேத்து மத்தியானத்துலேர்ந்து வரல. சூடுன்னு நெனச்சி மோர் குடிச்சேன், வெள்ளரிக்கா துன்னேன். வயிறு கல்லு மாதிரி ஆயிட்ச்சி. வரணும்னு தோணவே இல்ல."

"உக்காந்தா?"

அவர் சீட்டைக் கையால் தட்டிப் பார்த்தார். சத்தம் கேட்டது. "சீட்டு சொகுசுன்னு நெனச்சிக்கினு இருந்தேன் மச்சான்" என்றார் மெல்ல. "வேற யாரோ உக்காந்துகினு இருக்கற மாதிரி இருக்குது."

இறங்கிப் போய் ஜெனியிடம் சொன்னேன். ஆம்புலன்சைக் கூப்பிடச் சொன்னாள். அதற்குள் அக்கா குறுக்கே வந்து நின்றாள். "வூடு மந்திரிச்ச அன்னிக்கி வாசல்ல ஆம்புலன்ஸ் நிக்கறதா? தெரு இன்னா பேசும்?" என்று அழுதாள். பேசிக்கொண்டிருக்க நேரமில்லை. கடைசியில் மாமாவின் லாரியிலேயே போவது என்று முடிவாயிற்று. படுத்தபடிதான் வரவேண்டும், உடம்பு திரும்பக் கூடாது என்றாள் ஜெனி. அதனால் மாமாவை இறக்கித் திரும்பவும் பெஞ்சில் படுக்கவைத்து, வெள்ளை விரிப்போடு அப்படியே நாலு பேர் தூக்கிப் பின்னால் ஏற்றினார்கள். பெஞ்சு ஆடாமல் இருக்கப் பெண்கள் சுற்றிலும் உட்கார்ந்து பிடித்துக்கொண்டார்கள். துணைக்கு வருகிறேன் என்று பாதரும் வெள்ளை அங்கியோடு ஏறி நின்றார். ஏழுமலை ஓட்டினார். மெதுவாகப் போகச் சொன்னதால் ஆள் நடக்கிற வேகத்தில் போனார்.

இது பார்ப்பவர்களுக்கு எப்படி இருக்கும் என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

பஸ் ஸ்டாண்டை நெருங்கும்போது ஒரு டீக்கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். ஒரு பெரியவர் செருப்பைக் கழற்றினார். ஒரு மளிகைக் கடையின் ஷட்டர் பாதி இறங்கியது. போக்குவரத்துக் காவலர் இரண்டு பக்கமும் பஸ்களை நிறுத்தி எங்களுக்கு வழிவிட்டு, தொப்பியைச் சரிசெய்துகொண்டு விறைப்பாக நின்றார். அக்கா இதைப் பார்த்ததும் வாய்விட்டு அழ ஆரம்பித்தாள். அது இன்னும் பொருத்தமாக இருந்தது. பூக்கடை அம்மா ஒரு மாலையைக் கொண்டுவந்து மாமாவின் நெஞ்சில் வைத்துக் கும்பிட்டார்.

மாமா மாலையைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"நான் சாவலம்மா" என்றார். "ஆஸ்பத்திரிக்குத்தான் போய்க்கினு இருக்கறேன்."

பூக்கடை அம்மா பின்னால் சாய்ந்து ஒரு ஷேர் ஆட்டோவின்மேல் விழுந்தார். தான் சாகவில்லை என்று தெரிந்தவர்களுக்குச் சொல்லிவிடலாம் என்று மாமா தலையைத் தூக்கிக் கையாட்டினார். நிறுத்தியிருந்த பஸ்ஸின் ஜன்னல்களிலிருந்து கூச்சல் கிளம்பியது. ஜெனி அவர் தோளைப் பிடித்து அழுத்தி, "எழும்பாதேங்கோ மாமா, செத்த மாதிரியே படுங்கோ" என்றாள். அவர் திரும்பவும் படுத்தார். மாலை நெஞ்சிலேயே இருந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று பாதர் ஜெபமாலையை எடுத்தார்.

6

ஆஸ்பத்திரியில் டியூட்டி டாக்டர் இளைஞர். மாலையைப் பார்த்துவிட்டு, "பிரேதம் அந்தப் பக்கம்" என்றார். ஜெனி ஆங்கிலத்தில் விஷயத்தைச் சொன்னதும் ஓடிவந்து பார்த்தார். நிலைமை தெரிந்ததும் கேட்டார்: "நீங்க எந்த டாக்டர்?"

"கைரோபிராக்டர்."

அவர் முகம் சுருங்கியது. "முதுகுல கை வச்சீங்களா?"

"இல்லை."

"முறுக்கினீங்களா, அழுத்தினீங்களா?"

"முதுகைத் தொடவே இல்லை."

"நல்ல வேலை செஞ்சீங்க" என்றார். அக்காவும் தெருக்காரர்களும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். தொடாத டாக்டர் பட்டம் அந்த இடத்தில்தான் கொடுக்கப்பட்டது.

குழாய் போட்டுச் சிறுநீரை எடுத்தார்கள். அந்தப் பையை மாமா நம்ப முடியாமல் பார்த்துக்கொண்டே இருந்தார். ஸ்கேனில் முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கும் தட்டு ஒன்று பிதுங்கி நரம்புக் கொத்தை நெருக்கிக்கொண்டிருந்தது தெரிந்தது. ஆம்புலன்சில் சேலத்துக்கு அனுப்பி, அன்று சாயங்காலமே ஆபரேஷன் செய்தார்கள்.

ஏழுமலை சேலம்வரை வந்தார். ஆபரேஷன் நடக்கும் மாடிக்குக் கீழே, மருந்துக் கடைப் படிக்கட்டில் தனியாக உட்கார்ந்திருந்தார். ஜெனி டீ வாங்கிக்கொண்டு போனாள். நானும் போனேன்.

"என் ஒதையாலயா பாப்பா?" என்று கேட்டார்.

"தெரியாது" என்றாள் ஜெனி. "அதுக்கு முதலே பிதுங்கியிருக்கலாம். எங்கட தொழில் ஆக்களும் கேக்காமக் கை வச்சுப் பிழை விட்டிருக்கினம்."

பாதிதான் அவருக்குப் புரிந்தது. "இன்னா கேக்கணும்?" என்றார்.

அந்தப் படிக்கட்டிலேயே அவள் சொன்னாள். இரண்டு காலும் மதமதவென்று இருக்கிறதா, உட்காருகிற இடம் மரத்திருக்கிறதா, ஒண்ணுக்கு வருகிறதா, வெளிக்குப் போவது தெரிகிறதா, விழுந்து அடிபட்டதா, காய்ச்சல் இருக்கிறதா. நான் கள்ளக்குறிச்சித் தமிழில் மாற்றி மாற்றிச் சொன்னேன். அவர் வாய்விட்டுச் சொல்லிச் சொல்லி மனப்பாடம் செய்தார். எதிரே பேருந்துக்குக் காத்திருந்தவர்கள் எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள்.

இப்போது அவர் கேட்காமல் யாரையும் உதைப்பதில்லையாம். ஞாயிற்றுக்கிழமை வரிசையில் நிற்கும் ஆண் பெண் எல்லோரையும், "ஒண்ணுக்கு நல்லா வருதா?" என்று கேட்கிறார். ரேஷன் கடையில் பழக்கதோஷத்தில் அரிசி வாங்க வந்த ஒருத்தரையும் கேட்டுவிட்டதாகப் புகார் போயிருக்கிறது. சிலரைப் பார்த்ததும் காலை இறக்கிவிட்டு, நேராக ஆஸ்பத்திரிக்குப் போ என்று அனுப்பிவிடுகிறார். அப்படி அனுப்பப்பட்டவர்களுக்குத்தான் கோபம். அவர்களில் ஒருத்தர்தான் தொடாத டாக்டரிடம் நியாயம் கேட்க போன வாரம் கனடாவுக்கே போன் செய்தவர்.

7

ஆபரேஷன் செய்ததும் எல்லாம் சரியாகிவிடவில்லை. இதை ஊர்க்காரர்கள் கதையில் விட்டுவிடுகிறார்கள். மாமாவுக்கு இடது பாதம் இன்னும் தரையில் இழுக்கிறது. கைத்தடி வேண்டும். லாரிக்கு டிரைவர் வைத்தாயிற்று. எல்லாவற்றையும்விட அந்தக் குழாய்தான் அவரை வாட்டியது. ஒவ்வொரு முறையும் தானே குழாய் செருகி எடுக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்திருந்தார்கள். கல்யாணம், சாவு என்று எங்கேயும் போகமாட்டேன் என்றார். அக்காவிடம் பேசுவதையும் குறைத்துக்கொண்டார்.

ஜெனியிடம் மட்டும் பேசினார். வாரம் தவறாமல் வீடியோவில் வருவார். அவள் கேட்பாள், அவர் சொல்வார். நரம்பு மெல்லத்தான் வரும், வராமலும் போகலாம் என்று அவள் பொய் கலக்காமல் சொல்லியிருந்தாள். எத்தனையோ வருடம் ஒரே வீட்டில் இருந்த எங்களோடு பேசாததையெல்லாம் அவள் அவரோடு பேசினாள். சில மாதத்தில் அவள் "வருதா மாமா?" என்று கேட்க ஆரம்பித்தாள். அவர் "இன்னும் இல்லைப் பிள்ளை" என்று பதில் சொல்ல ஆரம்பித்தார். யார் யாருக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தார்கள் என்று தெரியவில்லை.

ஆபரேஷன் நடந்து ஒரு வருடம் ஆனதற்கு இந்த வாரம் அக்கா கோயிலில் நன்றிப் பூசை வைத்தாள். பூசை யாருக்காக என்ற கருத்தை அறிவிக்கும்போது பாதர் "தேவராஜ் அவர்களின் முதுகுக்காக" என்று படித்தாராம். மறுநாள் விடியுமுன்பே மாமா டிரைவரை எழுப்பி, மலைக்கு வண்டியை எடு என்றிருக்கிறார். ஒரு வருடத்துக்குப் பிறகு முதல் தடவையாக ஏறியிருக்கிறார்.

இங்கே இரவு, கிளினிக் மூடுகிற நேரம். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. ஜெனியின் போனில் வீடியோ வந்தது. வெள்ளிமலை ரோடு, மூடுபனி, ஓரத்தில் பலா மரம். மாமா போனை டிரைவர் கையில் கொடுத்தார். "இரு பாப்பா, வரேன்" என்று தடியை ஊன்றி, காலை இழுத்து இழுத்து மரத்துக்குப் பின்னால் போனார். குழாயை எடுத்துக்கொண்டு போகவில்லை என்பதை ஜெனி கவனித்தாள்.

நாங்கள் காத்திருந்தோம். டிரைவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. எங்களுக்கு மலையைச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தார். கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிய டோனாவும் வந்து பின்னால் நின்றாள். எதற்காகக் காத்திருக்கிறோம் என்று கேட்டாள். ஜெனி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மாமா மரத்துக்குப் பின்னாலிருந்து வந்தார். அவசரப்படவில்லை. வேட்டியைச் சரிசெய்துகொண்டு, போனை வாங்கி முகத்துக்கு நேரே பிடித்தார்.

"கொஞ்சமாத்தான்" என்றார். "ஆனா நானே போனேன்."